என் வாய்க்காலில் தொடங்கிய பாசி

எங்கள் ஊர் ஏரியில் மீன் செத்து மிதந்தபோது நான் கீரை போட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் லைனில் நின்றேன். செல்போனுக்குள் போகிற சின்னச் சின்னத் தகடுகளை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு டிரேயில் தள்ள வேண்டும். ஆறாவது வருடம் என் கழுத்து இடப்பக்கம் திரும்பாமல் போனது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அப்ப உங்கள வலப்பக்க டேபிளுக்கு மாத்திடறேன்" என்றார். அன்று ஷிப்ட் முடிந்ததும் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை, இன்றைக்கும் அங்கேதான். அவர் பங்குக்கு ஒரு ஏக்கர் நிலம் ஏரிக்கு மேல்புறத்தில் இருந்தது. மழை பெய்தால் எங்கள் நிலத்தைத் தாண்டித்தான் தண்ணீர் ஏரிக்குள் இறங்கும். அதைச் சுற்றி இருந்ததெல்லாம் மனையாகி, கலர் அடித்த கல் நட்டு, கொடி கட்டியாகிவிட்டது. எங்களுடையதையும் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுக்காரருக்கு விற்றுவிடத்தான் ஆசை. மாமனார் எழுதி வைத்த பத்திரத்தில் என் பெயரும் இருந்தது.

"என் கையெழுத்து கெடைக்காது" என்றேன்.

"நீ இன்னா பண்ணப்போற அந்த மண்ண வச்சிக்கினு?"

"கீரை போடப்போறேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே போட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

பக்கத்து நிலம் அவருடைய பெரியப்பா மகனுடையது. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். இருபது வருடமாகக் கீரை போடுகிறவர். விதைப்பு, பாத்தி, தண்ணீர் எல்லாம் அவரைப் பார்த்துத்தான் செய்தேன். உரமும் அப்படித்தான். விதைக்கும் முன் அடியுரமாக டி.ஏ.பி. போட்டேன். "முளைச்சி பத்தாம் நாள் ஒரு வாட்டி யூரியா வீசு. அறுக்கறதுக்கு அஞ்சி நாள் முன்ன இன்னொரு வாட்டி. கஞ்சத்தனம் பண்ணாத, கை நெறய வீசு" என்றார். நான் அதற்கு மேல் ஒரு கை வீசினேன். காரணம், விடியற்காலையில் மினி லாரியில் வந்து கீரை எடுத்துப் போகிற வியாபாரி. அவருக்குக் கீரை கரும்பச்சையாக இருக்க வேண்டும். "கறுப்பா இருந்தாத்தான்க்கா பட்டணத்துல எடுப்பாங்க" என்பார். யூரியா வீசித் தண்ணீர் விட்டால் மூன்றே நாளில் இலை கறுத்து மினுமினுக்கும். கம்பெனியில் ஆறு வருடம் அடுத்தவன் பொருளில் கீறல் தேடியவளுக்கு, தன் கையால் ஒன்று அப்படி வளர்வதைப் பார்க்க எவ்வளவு கர்வமாக இருக்கும்!

தண்ணீர் விஷயத்திலும் தாராளம்தான். மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துக் குழம்பு வைத்துவிட்டு வருவேன். பாத்தியெல்லாம் நிறைந்து, நிலத்தின் கீழ்மூலையில் உடைத்துக்கொண்டு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடினால் ஓடட்டும். மண்ணில் விழுந்த தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

அந்த வருடம் புரட்டாசி பிறந்ததும் ஒரு பெருமழை. அதற்குப் பிறகு இரண்டு நாள் வெயிலே இல்லை, வானம் மூடியே கிடந்தது. மூன்றாம் நாள் காலை ஏரிக்கரையில் கூச்சல் கேட்டு ஓடினேன். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. குஞ்சாக விட்டு வளர்த்து, தீபாவளிக்கு முன்னால் வலை வீசலாம் என்று வைத்திருந்த மீன். உயிரோடு இருந்த சில, கரையோரம் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி நீட்டித் திறந்தன. அண்ணன் அவற்றைக் கூடையால் அள்ளி, மதகுப் பக்கம் ஆழமான இடத்தில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வருவதற்குள் அவையும் கவிழ்ந்தன. தண்ணீர் பச்சைப் பெயின்ட் கலந்த மாதிரி இருந்தது.

கரையில் நின்ற யாருக்கும் சந்தேகமே இல்லை. ஏரிக்கு வருகிற வரத்துக்கால்வாயின் மேற்கே ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர் இருக்கிறது. கார் உதிரிபாகம் செய்கிற இடம். அந்தச் சுவருக்கு அடியில், மேலே மூடி போட்ட ஒரு சிமென்ட் கால்வாய் வெளியே வந்து வரத்துக்கால்வாயில் சேர்கிறது.

"அவன்தான். அந்தக் கம்பெனிக்காரன்தான் இன்னாத்தயோ தொறந்து வுட்டுட்டான்" என்றார் மாமா.

"அவனேதான்" என்றேன் நானும். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது நான்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் உட்கார்ந்தோம். பதாகை எழுதியது நான். 'எங்கள் ஏரியைக் கொல்லாதே' என்று சிவப்பில் எழுதி, கீழே ஒரு மீன் படம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. என் வீட்டுக்காரர் வேறு கம்பெனிதான். ஆனாலும் அவருக்குப் பயம். "என் வேலைக்கு வேட்டு வச்சிடாதம்மே" என்று போனில் கெஞ்சினார். நான் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து இஸ்திரி கலையாத சட்டை போட்ட அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். கோபப்படவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "உங்க வருத்தம் புரியுது. எங்க தண்ணியாலதான்னு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார்.

தாலுகா அலுவலகத்தில் அடுத்த வாரம் பேச்சுவார்த்தை என்று முடிவாகி எழுந்தோம். ஆதாரம் கொண்டுவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னிடம் நல்ல கேமரா உள்ள போன் இருந்தது. அதற்கு மேல், குறை கண்டுபிடிப்பது என் பழைய தொழில்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வரத்துக்கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் இறங்கி, போனைப் பிடித்தபடி மேல்நோக்கி நடந்தேன். பேசிக்கொண்டே படம் எடுத்தேன். "பாருங்க, எப்டி பாசி மண்டிக் கெடக்குது. பாருங்க, எப்டிக் கெடுத்து வச்சிக்கிறாங்க." கால்வாய் முழுக்க நூல் நூலாகப் பச்சைப்பாசி, காலைச் சுற்றி இழுத்தது. கொஞ்ச தூரத்தில் கால்வாய் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் கம்பெனிச் சுவர். வலப்பக்கம் எங்கள் நிலங்கள்.

முதலில் இடப்பக்கம் போனேன். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் நுரை. சோப்பு வாடை. ஆனால் நான் தேடி வந்த பாசி அங்கே திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. வலப்பக்கத்தில்தான் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அப்படி இருக்க முடியாதே என்று அந்தப் பக்கம் நடந்தேன். மாமா நிலத்து வடிகால் சேரும் இடத்தில் பாசி. அதைத் தாண்டியும் பாசி. என் நிலத்தின் கீழ்மூலை வந்தது. மழையில் கரைந்த என் பாத்தி மண் அங்கே விசிறி மாதிரி படிந்திருந்தது. அதன் மேல் பாசி அரை ஜாண் கனத்துக்குக் கிடந்தது.

அதற்கும் மேலே பத்தடி போனேன். அங்கே கருவேலங்காட்டிலிருந்து தண்ணீர் வருகிறது. யாரும் பயிர் வைக்காத இடம். தண்ணீர் தெளிந்து ஓடியது. அடியில் மணல் தெரிந்தது. ஒரு நூல் பாசி இல்லை.

திரும்பி வந்து என் மூலையில் நின்றேன். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசுவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

அந்தப் பெருமழைக்கு முந்தின நாள் நான் ஒரு மூட்டை யூரியா வீசியிருந்தேன். மழை வரப்போகிறது என்று தெரிந்துதான் வீசினேன். மழையே கரைத்துவிடும், மோட்டார் போடுகிற வேலை மிச்சம் என்று கணக்கு. கரைத்தது. கரைத்து எங்கே கொண்டுபோனது என்பது இப்போது என் காலுக்கடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, "அழிச்சிடு" என்றார். மாமாவிடம் சொன்னேன். அவர் பார்க்கவே மறுத்துவிட்டார்.

"நீ ஒருத்தி வீசுனதுலயா அம்மாம்பெரிய ஏரி கெட்டுப்போச்சி? வாய மூடிக்கினு சொம்மா இரு. கம்பெனிக்காரன் காதுல வுழுந்தா மொத்தத்தையும் நம்ம தலையில கட்டிட்டு அவன் கைய கழுவிக்கினு பூடுவான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் ராப்பகலாக அது என்னை அரித்தது. உண்மையைச் சொன்னால் கம்பெனிக்காரர் சிரிப்பார். சொல்லாவிட்டால் மீன் அண்ணன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். முழுதும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"இது உன் பாத்தியா?"

"ஆமாண்ணா."

"என்னாண்ட இன்னாத்துக்குக் காட்ற?"

"செத்தது உங்க மீனுண்ணா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் பாரம் குறையும், அவருக்கு என்ன கிடைக்கும் என்று அப்போது தோன்றியது.

தாலுகா அலுவலகத்தில் நீளமான மேசை. ஒரு பக்கம் நாங்கள் பதினைந்து பேர். எதிரே கம்பெனி அதிகாரியும் அவருடைய ஆட்களும். மேசைத் தலைப்பில் தாசில்தார். அவருக்குப் பக்கத்தில் மீன்வளத் துறையிலிருந்து ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். மீன் ஏன் செத்தது என்று முதலில் அவர்தான் சொன்னார்.

"தண்ணியில விஷம் இல்லீங்க. உரச்சத்து அதிகமா வந்து சேர்ந்தா பாசி கன்னாபின்னான்னு வளரும். வெயில் இருக்கிறவரைக்கும் அது தண்ணிக்குள்ள ஆக்சிஜன் குடுக்கும். வெயில் இல்லன்னா அதுவே இழுத்துக்க ஆரம்பிச்சிடும். வானம் மூடின ரெண்டு நாள்ல மீனுக்கு மூச்சு முட்டிப்போச்சு."

கம்பெனி அதிகாரி இதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு அறிக்கையை எடுத்தார். வழுவழுப்பான தாளில் கலர் படங்கள். அதில் ஒன்று, என் வரப்பில் கிடந்த காலி யூரியா சாக்குகள். எப்போது வந்து எடுத்தார்களோ!

"நாங்க யாரையும் குறை சொல்ல வரல" என்று ஆரம்பித்தார். "விவசாயிகளுக்கு உரம் எவ்வளவு போடணும்னு தெரியல. அது அவங்க தப்பில்ல. எங்க கம்பெனி சார்பா ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தித் தரோம். மதிய சாப்பாடும் குடுத்துடறோம்."

அந்த மதிய சாப்பாடுதான் என்னை எழுப்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். விடுவித்துக்கொண்டு நின்றேன்.

"சார், அந்தப் படத்துல இருக்கிற சாக்கு என்னோடது. யூரியா நான் போட்டதுதான். மழைக்கு முந்தின நாள் போட்டேன். ஏரிக்குத்தான் போச்சு. எழுதிக்கோங்க."

பின்னாலிருந்து யாரோ, "ஏய், உக்காரு" என்றார்கள்.

"எழுதிக்கோங்க சார். ஆனா இதயும் பாத்துட்டு எழுதிக்கோங்க." போனைத் தாசில்தார் முன்னால் வைத்தேன். வீடியோவை முழுதாக ஓடவிட்டேன். நான் பேசினது, பேச்சு நின்றது எல்லாம் இருந்தது. பிறகு இடப்பக்கக் கால்வாய் இருந்த இடத்துக்குத் திருப்பித் தள்ளி நிறுத்தினேன். "வலப்பக்கம் என்னுது. ஒத்துக்கறேன். இடப்பக்கம் நொரை வருதே, அது யாருது?"

"அது மழைத்தண்ணிம்மா. எங்க வளாகத்துல விழற மழைத்தண்ணி வெளிய போற கால்வாய்" என்றார் அதிகாரி.

"இத எடுக்கறதுக்கு நாலு நாள் முன்னாடியே மழ நின்னுபோச்சி சார்."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். மீன்வளத் துறை அம்மா போனைத் தன் பக்கம் இழுத்து, அந்த நுரையை மறுபடி பார்த்தார்.

"என் வயலுக்கு மூடி கெடயாது சார்" என்றேன். "யாரு வேணா வந்து படம் எடுத்துக்கலாம். நீங்க எடுத்துக்கினு வந்துக்கறீங்களே! உங்க கால்வாய்க்கு மேல சிமென்ட் மூடி போட்டு வச்சிக்கறீங்க. அத்தத் தொறந்து காட்டுங்க. நான் முகாமுக்கு வரேன். சாப்பாடு வூட்லேந்து கட்டிக்கினு வரேன்."

தாசில்தார் இரண்டையும் எழுதினார். விவசாயிகள் மண் பரிசோதனை செய்து அளவோடு உரமிட வேண்டும். கம்பெனி தன் மழைநீர்க் கால்வாயின் மூடிகளை ஊர்க்காரர்கள் முன்னிலையில் திறந்து காட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் ஊர் என்மேல் பாய்ந்தது. "காட்டிக் குடுத்துட்ட" என்று மாமா எல்லோர் முன்னாலும் கத்தினார். "உன் ஒருத்தி வாயால இனிமே எங்க எல்லாரையும் கேள்வி கேப்பான்." நானும் கத்தினேன். "கேக்கட்டும் மாமா. நாம கேட்டாத்தான் நாயம், அவன் கேட்டா நாயம் இல்லியா?" அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. விளைந்ததைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடுகிற எங்கள் சர்ச் அறுப்பின் பண்டிகைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோய் வைத்தேன். ஏலத்தில் என் கட்டைக் கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் போதகரின் மனைவி எடுத்துக்கொண்டார். பாடல் பாடும்போது வேண்டுமென்றே சத்தமாகப் பாடினேன்.

மண் பரிசோதனை அட்டை வந்தது. வேளாண்மை அலுவலகத்துக்காரர் அதைப் பார்த்து, "உங்க மண்ணுல ஏற்கெனவே மணிச்சத்து கொட்டிக் கெடக்குதும்மா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு டி.ஏ.பி. பக்கமே போவாதீங்க" என்றார். யூரியாவைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொன்னார். அதையும் ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும், மேகம் கட்டினால் தொடவே கூடாது என்றார். இரண்டு போகத்துக்கு நடுவில் எருவுக்காக வயலில் ஆட்டுக்கிடை போட்டேன். கீழ்மூலையில் நானே மண்வெட்டி எடுத்து ஒரு குழி வெட்டினேன். வழிகிற தண்ணீர் முதலில் அதில் விழுந்து, மண் தங்கி, பிறகு புல் வரப்பைத் தாண்டித்தான் வாய்க்காலுக்குப் போக வேண்டும். மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க வயலிலேயே உட்கார்ந்திருந்தேன். சோறு தாமதமாகத்தான் ஆனது. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "வந்து நீங்க உக்காருங்க, நான் வடிக்கறேன்" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து வார விடுமுறை நாளில் அவர் வந்து உட்கார ஆரம்பித்தார்.

கீரை வெளுத்தது. வெளுத்தது என்றால் கெட்டுப்போகவில்லை. கீரையின் சொந்த நிறத்துக்கு வந்தது. மினி லாரிக்காரர் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்து, "இது ஓடாதுக்கா" என்று கீழே வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள் கட்டுகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சுங்குவார்சத்திரத்துக்குப் போனேன். நான் வேலை பார்த்த அதே பக்கம்தான். வாடகை அறைகளில் ஐந்து பேர், ஆறு பேராகத் தங்கியிருக்கிற பெண்கள் சாயங்கால ஷிப்ட் முடிந்து இறங்குகிற இடத்தில் சாக்கை விரித்தேன்.

முதல் ஆளாக ஒரு பெண் குனிந்தாள். சிவகங்கைப் பக்கம்.

"ஏக்கா, என்ன இப்புடி வெளிறிக் கெடக்கு?"

யூரியா குறைத்த கதையைச் சொன்னேன். நின்று கேட்டாள். "எங்கூருல எங்கப்பத்தா போடுற கீரை இந்த நெறந்தேன். இங்கன வந்து கறுப்புக் கீரையைப் பாத்து நாந்தேன் அசந்துபோனேன். ரெண்டு கட்டு குடுங்க. நல்லா மசியலன்னா நாளைக்கு வந்து சண்டை போடுவேன், சரியா?"

மறுநாள் சண்டை போட வரவில்லை. அவள் அறைத் தோழிகள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கம்பெனி மட்டும் மூடியைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஏரிக்கரையில் ஒரு பெரிய பலகை நட்டார்கள். பச்சை வயலில் ஒரு விவசாயி சிரித்துக்கொண்டு நிற்கிற படம். 'உரத்தை அளவோடு இடுவோம், ஏரியைக் காப்போம்' என்று எழுதி, கீழே கம்பெனி முத்திரை. அதை நின்று படித்தேன். எழுதியிருந்ததில் பொய் இல்லை. பாதிதான் இருந்தது. வீட்டுக்குப் போய், பதாகைக்கு வாங்கி மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அதன் அடியில் எழுதினேன்: 'கால்வாய் மூடியைத் திறப்போம்.'

அன்று மாலையே காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார். "பலக யாரோடது சார்?" என்று கேட்டேன். கம்பெனியுடையது என்றார்கள். "ஏரி யாரோடது?" அந்த ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தாசில்தார் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிப் படித்தார். "மூடியத் தொறக்கணும்னு அவரே எழுதிக்கறாரே" என்றார். "அதத்தான் சார் நான் பெரிய எழுத்துல எழுதனேன்." விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்து மனு வாங்கும் வரிசையில் நின்றேன். ஒவ்வொரு மனுவோடும் என் மண் பரிசோதனை அட்டையின் நகலையும் வைத்தேன். என்னைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பிடிவாதம். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போனோம். மீன்வளத் துறை அம்மாவும் வந்திருந்தார். ஏழு மூடிகளில் ஐந்தைத் திறந்தார்கள். நான்காவது மூடியின் கீழே கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஒரு குழாய் வந்து சேர்ந்திருந்தது. சோற்றுப் பருக்கையும் சோப்புத் தண்ணீரும் எங்கள் ஏரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. அதுவும் பாசிக்குச் சாப்பாடுதான் என்று அந்த அம்மா சொன்னார். "கான்ட்ராக்டர் தப்பா இணைச்சிட்டார் போல" என்றார் அதிகாரி. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. என் மூலையில் நான் நின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். குழாயை அடைத்துச் சிமென்ட் பூசினார்கள். மீதி இரண்டு மூடிகள் இறுகிவிட்டன, இன்னொரு நாள் என்றார்கள்.

அந்த வாரம் மாமா தன் நிலத்துக் கீழ்மூலையில் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்தேன். குழி வெட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "உனக்காவ ஒண்ணும் வெட்டல. நான் வாங்கிப் போட்ட உரம் இன்னாத்துக்கு ஏரிக்குப் போவணும்?" என்றார். என் குழியைவிட ஆழமாக வெட்டினார். மற்றவர்களில் இருவர் யூரியாவைக் குறைத்தார்கள். மூன்று பேர் இன்றுவரை குறைக்கவில்லை. அவர்கள் கீரை இன்றும் கறுப்பு, மினி லாரி அவர்கள் வரப்பில்தான் நிற்கிறது. போய்ப் பேசிப் பார்க்கிறேன். திட்டுகிறார்கள். மறுபடி போகிறேன்.

மீன் அண்ணன் மறுவருடம் குத்தகையைப் புதுப்பித்தார், குஞ்சு குறைவாக விட்டார். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பத்து மாதம் ஒரு வார்த்தை இல்லை. அதைப் பொறுத்துக்கொண்டேன். அவருக்கு அந்த உரிமை இருந்தது.

இந்த வருடம் ஆடி மாதம் ஒருநாள், மோட்டாரைப் போட்டுவிட்டு மறுகோடியில் களை பறித்துக்கொண்டிருந்தேன். சிவகங்கைப் பெண் என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ கல்யாணக் கதை. எழுந்து பார்க்க மறந்துவிட்டேன். ஏரிப்பக்கமிருந்து ஒரு குரல் வெடித்தது.

"தங்கச்சி! உன் தண்ணி வழியுது! கண்ணு தெர்லயா? இன்னா பண்ணிக்கினுகீற அங்க?"

கரைமேல் அண்ணன், கையில் துடுப்பு. ஓடினேன். குழி நிறைந்து புல் வரப்பைத் தாண்டப் போகிற நேரம். மோட்டாரை நிறுத்திவிட்டு, மடை திருப்பி, மூச்சு வாங்க நின்றேன். அவர் வரப்பு வரைக்கும் இறங்கி வந்து குழியைப் பார்த்தார். துடுப்பை விட்டு ஆழம் பார்த்தார்.

"மண்ணு ரொம்பிக் கெடக்குது. இத அள்ளிக் கொட்டறதில்லியா நீ?"

"அறுப்பு முடிஞ்சி அள்ளுவேண்ணா."

"மழைக்கு முன்ன அள்ளு. அறுப்பு கெடக்குது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அள்ளினேன். அந்தச் சேற்றைப் பாத்திக்கே திருப்பிப் போட்டேன். புரட்டாசி மழை வந்தது. மூன்று நாள் வெயில் இல்லாமல் வானம் மூடியது. மூன்று நாளும் விடியும்போது ஏரிக்கரைக்குப் போய் நின்றேன். அண்ணனும் நின்றார். கால்வாய் சேரும் வளைவில் தண்ணீர் இன்னும் பச்சைதான். ஓரமாகச் சில ஜிலேபி மீன்கள் செத்து ஒதுங்கின, கட்லா ஒன்றும் மிதக்கவில்லை. நான்காம் நாள் வெயில் அடித்தது. அவர் பரிசலைத் தண்ணீரில் தள்ளினார்.

இன்னும் இரண்டு மூடிகள் திறக்கப்படவில்லை. வருகிற திங்கட்கிழமைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மாமாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.